செத்தவர் வீட்டுச் சாவி யார் கையில்?

வாரிசுகள் சண்டை போட்டால் கோர்ட்டு அனுப்பும் வக்கீல்!

ஒருவர் இறந்து விடுகிறார். அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது. பாங்கியில் பணம் இருக்கிறது. வாசலில் கார் நிற்கிறது. ஆனால் உயில் இல்லை.

பிள்ளைகள் நான்கு பேர். நான்கு பேரும் நான்கு ஊரில் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் நம்பவில்லை. வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தனிக் கோர்ட்டே இருக்கிறது. அதன் பெயர் புரொபேட் கோர்ட்டு. நம் வழக்கில் சொன்னால், "உயில் கோர்ட்டு".

குடும்பத்தில் ஒற்றுமை இருந்தால் அந்தக் கோர்ட்டு குடும்பத்தில் ஒருவரையே நிர்வாகியாகப் போடும். ஒற்றுமை இல்லாவிட்டால், அல்லது குடும்பமே இல்லாவிட்டால், வெளியாள் ஒருவரை அழைக்கும். பெரும்பாலும் அவர் ஒரு வக்கீல்.

அந்த வக்கீலுக்கு இறந்தவரை முன்பின் தெரியாது. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டால் பாங்கி பணம் கொடுக்கும். அவர் கையெழுத்துப் போட்டால் வீடு கைமாறும்!

இவ்வளவு அதிகாரத்தை ஓர் அன்னியரிடம் கொடுப்பது சரியா? அவர் காவல்காரரா, அல்லது பங்குக்கு வந்தவரா? அமெரிக்காவில் பல காலமாக நடந்துவரும் வாதம் இது. மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஓக்லாந்து கவுண்டியில் அண்மைக் காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள், இந்தக் கேள்வியின் இரண்டு பக்கங்களையும் காட்டுகின்றன.

கவுண்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பல கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டு இருக்கின்றன. நம் நாட்டு ஜில்லாவைப் போன்றது கவுண்டி.

கார் தொழிலுக்குப் பேர்போன டெட்ராய்ட் நகரை ஒட்டி ஓக்லாந்து கவுண்டி இருக்கிறது. ஜனத்தொகை 12 லட்சத்துக்கு மேல். அதன் தலைநகர் பான்டியாக். அங்கேதான் புரொபேட் கோர்ட்டு இருக்கிறது.

இறந்தவர்களின் சொத்து மட்டும் அல்ல. தாய் தந்தையை இழந்த சிறுவர்களுக்குப் பாதுகாவலர் போடுவதும் இந்தக் கோர்ட்டுதான். முதுமையால் அறிவு தடுமாறியவர்களின் பணத்தைக் கவனிக்க ஆள் போடுவதும் இந்தக் கோர்ட்டுதான். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்காக ஏற்பட்ட கோர்ட்டு இது. இறந்தவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்தானே!

முதல் உரிமை யாருக்கு?

நிர்வாகியாக யாரைப் போடுவது என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது.

உயிலில் ஒருவர் பெயர் எழுதி இருந்தால் அவருக்கு முதல் இடம். இல்லாவிட்டால் கணவர் அல்லது மனைவி. பிறகு மற்ற வாரிசுகள். இவர்கள் யாரும் முன்வராவிட்டால், பாக்கி வரவேண்டிய கடன் கொடுத்தவர்கூட ஒருவர் பெயரைச் சொல்லலாம்.

யாருமே இல்லாவிட்டால்? அதற்கும் ஓர் ஆள் உண்டு. அவர் பெயர் "பொது நிர்வாகி".

மிச்சிகன் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் இலாகாவில் மாநிலப் பொது நிர்வாகி ஒருவர் இருக்கிறார். அவர் கவுண்டிக்கு ஆள் நியமிக்கிறார். நியமிக்கப்படுகிறவர்கள் வக்கீல்கள். அவர்கள் அரசாங்கச் சம்பளக்காரர்கள் அல்ல. தங்கள் சொந்தத் தொழிலோடு இந்த வேலையையும் பார்க்கிறவர்கள்.

அரசாங்கத்துக்கு இதில் என்ன அக்கறை? காரணம் இருக்கிறது. வாரிசே இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து மாநிலத்தைச் சேருகிறது. ஆகவே வாரிசு உண்டா, இல்லையா என்று தேடிப் பார்ப்பதும் பொது நிர்வாகியின் வேலை.

பூட்டை மாற்று!

கோர்ட்டு நியமித்ததும் வக்கீலுக்கு ஓர் அதிகாரப் பத்திரம் கிடைக்கும். அது ஒரு தாள்தான். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் பாங்கியில் ஒரு காசு எடுக்க முடியாது. அது இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும். தேவைப்பட்டால் கோர்ட்டு அவரிடம் ஜாமீன் பத்திரமும் கேட்கும். பணம் தவறினால் ஜாமீன் கொடுத்த கம்பெனி ஈடு கட்டவேண்டும்.

வக்கீல் முதலில் என்ன செய்வார்? சட்டப் புத்தகத்தைப் புரட்ட மாட்டார். பூட்டுக்காரரைக் கூப்பிடுவார்! இறந்தவர் வீட்டுச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டாரிடம் ஒன்று, பழைய வேலைக்காரியிடம் ஒன்று, கோபித்துக்கொண்டு போன மகனிடம் ஒன்று இருக்கலாம். ஆகவே முதலில் பூட்டு மாற்றப்படும்.

அடுத்தபடி சமையல் அறை. குளிர்ப்பெட்டியில் கெட்டுப்போன உணவு இருக்கும். அதை அப்புறப்படுத்த வேண்டும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதற்கு ஓர் இடம் பார்க்கவேண்டும். மருந்துகளையும் துப்பாக்கியையும் பத்திரப்படுத்த வேண்டும்.

மிச்சிகனில் பனிக்காலம் கடுமையானது. ஆள் இல்லாத வீட்டில் உஷ்ண அடுப்பு அணைந்துபோனால், குழாயில் உள்ள தண்ணீர் உறைந்துவிடும். குழாய் வெடிக்கும். வீடு முழுவதும் வெள்ளம்! இறந்தவர் வீட்டுக்குக் கேஸ் பில் கட்டுவதும் நிர்வாகியின் கடமை.

பிறகு மேஜை டிராயர். அலமாரி. தபால் பெட்டி. பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். ஒரு பாங்கிச் சீட்டு, ஓர் இன்ஷுரன்ஸ் ரசீது, ஒரு வரி நோட்டீஸ் கிடைத்தால், அதைப் பிடித்துக்கொண்டு போனால், இன்னொரு சொத்து தெரியவரும். அல்லது இன்னொரு கடன் தெரியவரும்!

போட்டோ ஆல்பத்துக்குச் சந்தையில் விலை இல்லை. ஆனால் பிள்ளைகள் அதிகமாகச் சண்டை போடுவது அதற்காகத்தான் இருக்கும். அம்மாவின் மோதிரம், அப்பாவின் கடிகாரம், இவைகளும் அப்படித்தான். வீட்டைப் பங்கு போட்டுவிடலாம். மோதிரத்தைப் பங்கு போட முடியுமா?

91 நாள் கணக்கு

நியமனம் ஆன நாளில் இருந்து 91 நாளுக்குள் நிர்வாகி சொத்துப் பட்டியல் தயாரிக்கவேண்டும் என்பது மிச்சிகன் சட்டம். இறந்த தேதியில் எந்தச் சொத்து என்ன மதிப்பு என்று அதில் இருக்கவேண்டும்.

கடன் கொடுத்தவர்களுக்காகப் பத்திரிகையில் விளம்பரம் செய்யவேண்டும். விளம்பரம் வந்த நாளில் இருந்து 4 மாதத்துக்குள் அவர்கள் தங்கள் பாக்கியைச் சொல்லவேண்டும். நிர்வாகிக்கு யாராவது தெரிந்த கடன்காரர் இருந்தால் அவருக்கு நேரடியாகவே நோட்டீஸ் அனுப்பவேண்டும். காலம் தவறியவரின் பாக்கி பொதுவாகத் தள்ளுபடி.

இறந்தவர் கட்டாமல் விட்ட வருமான வரியையும் நிர்வாகியே கட்டவேண்டும். எல்லாம் போக மிஞ்சியதுதான் வாரிசுகளுக்கு.

பணம் போதாவிட்டால் என்ன செய்வது? கலியாண விருந்தில் பந்தி இருப்பதுபோல் இதிலும் முதல் பந்தி, இரண்டாம் பந்தி உண்டு. முதல் பந்தி, நிர்வாகச் செலவு. இரண்டாவது, அடக்கச் செலவு. அதன் பிறகு கணவர் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சட்டம் ஒதுக்கும் தொகை. பிறகு மத்திய அரசாங்கத்தின் வரி. பிறகு கடைசி நோய்க்கு ஆன வைத்தியச் செலவு. மற்றக் கடன்காரர்கள் கடைசிப் பந்தி.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் பந்தியில் உட்காருவது நிர்வாகச் செலவு. நிர்வாகியின் கூலி அதில் அடக்கம்!

சோபாவுக்குள் உயில்!

இனி, ஓக்லாந்து கவுண்டியில் நடந்த முதல் சம்பவம்.

அரீதா பிராங்க்ளின் அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகி. "சோல்" இசையின் ராணி என்று பெயர் எடுத்தவர். 18 கிராமி விருதுகள் வாங்கியவர். 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி டெட்ராய்ட் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 76.

அவருக்கு 4 மகன்கள். உயில் இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். உயில் இல்லாவிட்டால் மிச்சிகன் சட்டப்படி 4 மகன்களுக்கும் சம பங்கு. அதில் தகராறு இல்லை. பாடகியின் உறவுப் பெண் ஒருவரை நிர்வாகியாகப் போட எல்லோரும் சம்மதித்தார்கள். காரியம் சுமுகமாகத் தொடங்கியது.

2019-ம் ஆண்டு மே மாதம் குண்டு வெடித்தது!

பாடகியின் வீட்டில் சில தாள்கள் கிடைத்தன. எல்லாம் அவர் கையால் எழுதியவை. பூட்டிய அலமாரி ஒன்றில் 2010-ம் ஆண்டில் எழுதிய தாள்கள். சோபா மெத்தைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் 2014-ம் ஆண்டில் எழுதிய தாள்கள். "இன்னாருக்கு இந்த வீடு, இன்னாருக்கு இது" என்று எழுதி இருந்தார். இரண்டிலும் பங்கு ஒரே மாதிரி இல்லை. அடித்தல் திருத்தல் வேறு. 2014-ம் ஆண்டுத் தாளில், தன் பெயரின் முதல் எழுத்துக்குள் சிரிக்கும் முகம் ஒன்றையும் வரைந்து இருந்தார்.

சாட்சிக் கையெழுத்து இல்லாத தாள் உயில் ஆகுமா? மிச்சிகனில் ஆகும். முக்கியமான பகுதிகள் இறந்தவர் கையெழுத்தில் இருக்கவேண்டும். தேதியும் கையொப்பமும் வேண்டும். அது தன் உயில் என்ற எண்ணத்தோடு எழுதி இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் எது உயில்? 2010-ம் ஆண்டு எழுதியதா? 2014-ம் ஆண்டு எழுதியதா? மகன்கள் இரண்டு கட்சி ஆனார்கள். குடும்பத்தில் பிளவு வளர்ந்தது. 2020-ம் ஆண்டு உறவுப் பெண் நிர்வாகப் பொறுப்பை விட்டு விலகினார்.

வக்கீல் வந்தார்

அந்த ஆண்டு மார்ச்சு மாதம் கோர்ட்டு ஒரு வக்கீலை நிர்வாகியாகப் போட்டது. அவர் பெயர் ரெஜினால்டு டர்னர். பிற்பாடு அமெரிக்க வக்கீல்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர்.

வெளியாளால் என்ன லாபம்? அவருக்கு இந்த மகன் வேண்டியவர், அந்த மகன் வேண்டாதவர் என்பது இல்லை. உயில் வழக்கு ஒரு பக்கம் நடக்கும்போது, மறு பக்கம் சொத்து கெடாமல் இருக்கவேண்டும். பாட்டுகளுக்கு உரிமைப் பணம் வந்துகொண்டே இருக்கும். அதை வாங்கிப் பத்திரமாக வைக்கவேண்டும்.

வரிப் பாக்கியும் இருந்தது. 2010 முதல் 2017 வரை வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து 78 லட்சம் டாலருக்கு மேல் வரவேண்டும் என்று வரி இலாகா கேட்டது. 2021-ம் ஆண்டு அந்த இலாகாவுடன் உடன்பாடு ஏற்பட்டது. வரும் வருமானத்தில் ஒரு பங்கு அந்தப் பாக்கிக்குப் போகும் என்று ஏற்பாடு.

உயில் வழக்கு 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் பான்டியாக் கோர்ட்டில் ஜூரிகள் முன் விசாரணைக்கு வந்தது. ஜூரிகள் 6 பேர். அவர்கள் கலந்து பேச ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. சோபாவுக்குள் கிடைத்த 2014-ம் ஆண்டுத் தாளே உயில் என்று முடிவு சொன்னார்கள்.

பாடகி இறந்து அப்போது ஏறக்குறைய 5 ஆண்டு ஆகிவிட்டது!

இதில் ஒரு விசித்திரம். 2014-ம் ஆண்டுத் தாளில் ஒரு மகனுக்கு டெட்ராய்ட் நகரில் உள்ள ஒரு வீடு எழுதப்பட்டு இருந்தது. ஆனால் அந்த வீடு, தாள்கள் வெளியே வருவதற்கு முன்பே, 3 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டுவிட்டது. விற்றவர்கள் மீது குறை சொல்ல முடியாது. உயில் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

வேலியே பயிரை மேய்ந்தால்?

இரண்டாவது சம்பவம் வேறு மாதிரி. இதில் பாடகியும் இல்லை, பங்களாவும் இல்லை. சாதாரண மக்களின் சாதாரண வீடுகள்.

வீட்டுக்காரர் இறந்துவிட்டார். வீட்டு வரி பாக்கி. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். அல்லது அந்த வீட்டிலேயே இருந்தும், இன்னும் பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

2017-ம் ஆண்டில் ஓக்லாந்து கவுண்டியில் புகார்கள் கிளம்பின. பொது நிர்வாகியாக இருக்கும் வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போய், இத்தகைய வீடுகளின் நிர்வாகத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள், வாரிசுகள் இருந்தும் அவர்களுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை, வீடு விற்கப்படுகிறது, கூலி, கமிஷன், ரிப்பேர்ச் செலவு எல்லாம் போக வாரிசுகளுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்பது புகார். டெலிவிஷனில் இந்தச் செய்தி வந்ததும் பரபரப்பு ஏற்பட்டது.

பொது நிர்வாகிகள் தரப்பிலும் வாதம் இருந்தது. வரி கட்டாத வீட்டைக் கவுண்டி ஏலத்துக்கு எடுத்துவிடும். அதற்கு முன்பு விற்றால் வாரிசுக்குக் கொஞ்சமாவது கிடைக்கும் என்றார்கள்.

வாதம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் வீடு யாருடையது? வாரிசைக் கேட்காமல் அவருக்கு நன்மை செய்வது என்றால், அந்த நன்மைக்குக் கூலியும் வாங்குவது என்றால், மக்கள் சந்தேகப்படத்தானே செய்வார்கள்? தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

2018-ம் ஆண்டு மிச்சிகன் சட்டசபை சட்டத்தைத் திருத்தியது. வாரிசுகளுக்கு முறையாக அறிவிக்கவேண்டும். பொது நிர்வாகி வீட்டை விற்கவேண்டுமானால் முதலில் கோர்ட்டின் அனுமதி வாங்கவேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது.

ஒரே கவுண்டி. ஒரே கோர்ட்டு. ஒரு குடும்பத்துக்கு வக்கீல் நிர்வாகி தேவைப்பட்டார். வேறு பல குடும்பங்கள் அவரைக் கண்டு பயந்தன. வித்தியாசம் எங்கே இருக்கிறது? பிராங்க்ளின் வழக்கில் ஒவ்வொரு அடியையும் மகன்களின் வக்கீல்களும் பத்திரிகைகளும் கவனித்துக்கொண்டு இருந்தார்கள். ஏழை வீட்டை யார் கவனித்தார்கள்?

யார் பணத்தில் சண்டை?

வக்கீல் நிர்வாகியின் கூலி இறந்தவரின் சொத்தில் இருந்துதான் வருகிறது. அவர் கவனிக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நேரம் உண்டு. நேரத்துக்குப் பணம் உண்டு. அண்ணன் ஒரு மனுப் போட்டால் அதற்குப் பதில் எழுதவேண்டும். தம்பி ஒரு மனுப் போட்டால் அதற்கும் பதில் எழுதவேண்டும்.

அண்ணனும் தம்பியும் தங்கள் பணத்தில் சண்டை போடுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அப்பா வைத்துவிட்டுப் போன பணத்தில் சண்டை போடுகிறார்கள்! குளம் வற்றினால் மீன் யாருக்கு?

அதற்காக வாரிசுகள் வாய் மூடி இருக்கவேண்டும் என்பது இல்லை. சட்டம் அவர்களுக்கும் ஆயுதம் கொடுத்து இருக்கிறது. நிர்வாகி வருஷத்துக்கு ஒரு முறை வாரிசுகளுக்குக் கணக்குக் காட்டவேண்டும். கூலி அதிகம் என்று பட்டால் கோர்ட்டில் ஆட்சேபிக்கலாம். நீதிபதி குறைக்கலாம். நிர்வாகி கடமை தவறினால் அவரை நீக்கும்படியும் கேட்கலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவர் வீட்டுக் கதவை நீதி தானாக வந்து தட்டாது.

கூலி வாங்காத நிர்வாகி

வெளியாள் என்றால் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. அமெரிக்க சரித்திரத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் 1865-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வக்கீல் தொழில் செய்தவர். ஆனால் தனக்கு உயில் எழுதிவைக்கவில்லை!

இல்லினாய் மாநிலத்தில் உள்ள சங்கமோன் கவுண்டிக் கோர்ட்டு நிர்வாகியை நியமித்தது. அவர் பெயர் டேவிட் டேவிஸ். லிங்கனின் பழைய நண்பர். அப்போது அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி.

லிங்கன் இறந்தபோது அவருடைய ரொக்கமும் அரசாங்கக் கடன் பத்திரங்களும் சேர்ந்து சுமார் 83 ஆயிரம் டாலர். டேவிஸ் அதைக் கவனமாக நிர்வாகம் செய்தார். வட்டி சேர்ந்தது. 1867-ம் ஆண்டு நவம்பர் மாதம் பங்கு பிரித்தபோது சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் டாலராக வளர்ந்து இருந்தது. விதவை மேரிக்கு ஒரு பங்கு. மகன்கள் ராபர்ட்டுக்கும் டாடுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு.

சட்டப்படி நிர்வாகிக்குக் கூலி உண்டு. டேவிஸ் ஒரு காசு வாங்கவில்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒரு டேவிஸ் கிடைப்பாரா? இரண்டரை ஆண்டு இலவசமாக வேலை செய்ய எந்த வக்கீலால் முடியும்? நியாயமான வேலைக்கு நியாயமான கூலி கொடுப்பதில் தவறு இல்லை. கூலியை அளந்து பார்க்க ஒரு கண் வேண்டும். அதுதான் முக்கியம்.

1960-களில் எழுந்த கூக்குரல்

அந்தக் கண் இல்லாமல் போன காலமும் உண்டு.

1965-ம் ஆண்டு நார்மன் டேசி என்பவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். "புரொபேட்டைத் தவிர்ப்பது எப்படி?" என்பது அதன் பெயர். அவர் வக்கீல் அல்ல. கோர்ட்டுக்குப் போகாமல் சொத்தைக் குடும்பத்துக்கு விடும் வழியைச் சொல்லி, அதற்கு வேண்டிய பாரங்களையும் புத்தகத்திலேயே சேர்த்து இருந்தார். புத்தகம் அமோகமாக விற்றது. லைசென்ஸ் இல்லாமல் வக்கீல் தொழில் செய்கிறார் என்று நியூயார்க் வக்கீல் சங்கம் வழக்குப் போட்டது. தடை உத்தரவும் வாங்கியது. ஆனால் 1967-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் உச்ச அப்பீல் கோர்ட்டு அந்தத் தடையை நீக்கிவிட்டது.

1966-ம் ஆண்டு நியூயார்க்கில் உயில் கோர்ட்டு நீதிபதி தேர்தல் நடந்தது. செனட்டர் ராபர்ட் கென்னடி அதில் குதித்தார். கட்சித் தலைவர்களுக்கு வேண்டிய வக்கீல்களுக்கே பசையுள்ள நிர்வாக நியமனங்கள் போகின்றன, விதவைகளின் பணமும் அனாதைகளின் பணமும் கரைகின்றன என்று பிரசாரம் செய்தார். அவர் ஆதரித்த சாமுவேல் சில்வர்மன் ஜெயித்தார்.

1969-ம் ஆண்டு, மாநிலங்கள் பின்பற்றுவதற்காக ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. தகராறு இல்லாத காரியங்களுக்குச் சுலபமான வழியை அது காட்டியது. அதை ஒட்டி மிச்சிகன் இயற்றிய சட்டம் 2000-ம் ஆண்டு அமலுக்கு வந்தது. இப்போது அங்கே தகராறு இல்லாத குடும்பத்தின் காரியம் பெரும்பாலும் மனுவும் பாரமும் கொடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது. நீதிபதியின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியது இல்லை.

ஆகவே, இன்று கோர்ட்டு வாசலில் காத்துக் கிடப்பது பெரும்பாலும் இரண்டு வகைக் குடும்பங்கள். சண்டை போடும் குடும்பம் ஒன்று. ஆள் இல்லாத குடும்பம் மற்றொன்று. வக்கீல் நிர்வாகிக்கு வேலை கொடுப்பவை இவைதான்.

தமிழர்களுக்கும் உண்டு

இந்த விஷயம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சம்பந்தம் இல்லாதது என்று நினைக்க வேண்டாம்.

ஓக்லாந்து கவுண்டியில் உள்ள ட்ராய், நோவாய், பார்மிங்டன் ஹில்ஸ் ஆகிய ஊர்களில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். தமிழர்களும் இருக்கிறார்கள். கோர்ட்டு இருக்கும் பான்டியாக் நகரத்திலேயே பராசக்தி கோவில் இருக்கிறது.

அங்கே வீடு வாங்கிய ஒருவர் மதுரையில் வந்து இறந்தாலும், அந்த வீட்டுக்கு மிச்சிகன் சட்டம்தான். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை மட்டும் காட்டி அந்த வீட்டைக் கைமாற்ற முடியாது. அந்த ஊர்க் கோர்ட்டு ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கவேண்டும்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் இன்னும் முக்கியம். தாயும் தந்தையும் விபத்தில் ஒன்றாக இறந்துவிட்டால் குழந்தையை யார் வளர்ப்பது? உயிலில் பாதுகாவலர் பெயரை எழுதி வைக்க மிச்சிகன் சட்டம் பெற்றோருக்கு உரிமை கொடுத்து இருக்கிறது. எழுதாவிட்டால் கோர்ட்டுதான் ஆள் தேடவேண்டும். ஊரில் பாட்டி இருப்பது கோர்ட்டுக்குத் தானாகத் தெரியாது.

உயில் எழுதினால் கோர்ட்டே வேண்டாமா? அப்படி இல்லை. உயிலையும் கோர்ட்டில் காட்டவேண்டும். ஆனால் நிர்வாகி யார் என்பதை முதலில் சொல்லும் உரிமை எழுதியவருக்குக் கிடைக்கிறது. பாங்கிக் கணக்கிலும் இன்ஷுரன்சிலும் "எனக்குப் பிறகு இன்னாருக்கு" என்று பெயர் கொடுத்து இருந்தால், அந்தப் பணம் கோர்ட்டுக்குப் போகாமலே அவருக்குப் போய்ச் சேரும்.

வக்கீல் நிர்வாகி குடும்பத்துக்கு எதிரி அல்ல. குடும்பம் செய்யத் தவறிய வேலையைச் செய்ய வருகிறவர் அவர். நல்லவராக இருந்தால் சொத்து பிழைக்கும். கண்காணிப்பு இல்லாவிட்டால் சொத்து தேயும். அவர் வரவே தேவை இல்லாமல் செய்வது இறந்தவர் கையில் இல்லை. உயிரோடு இருக்கும்போது அவர் கையில்தான் இருந்தது.

வேண்டியது ஒரு தாளும் ஒரு பேனாவும்தான். விவரம் தெரிந்த வக்கீலைக் கேட்டு, அந்தந்த நாட்டுச் சட்டப்படி எழுதவேண்டும். எழுதியதை, நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்த இடத்தில் வைக்கவேண்டும். சோபா மெத்தைக்கு அடியில் மட்டும் வேண்டாம்!